தாலினுக்குக் கொண்டுபோன மடி

தாலின் நகரத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். ஆகையால் என் மடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. சைக்கிளில் கிளம்பினேன்.

வழி சுலபம். உசிலம்பட்டி ரயில்வே கேட்டைத் தாண்டினால் லித்துவேனியா. முன்னே அந்த இடத்தில் செக்கானூரணி இருந்தது. லித்துவேனியா முடிகிற இடத்தில் லாட்வியா. லாட்வியா முடிகிற இடத்தில் எஸ்டோனியா. அதன் மேல்முனையில், கடலுக்குச் சில தெரு முந்தின வீடு, என் தங்கை விருமாயி வாழ்க்கைப்பட்ட வீடு.

நான் கமிஷன் கடையில் மூடை தூக்குகிறவன். தேங்காய், வெங்காயம், மொச்சை, எது லாரியில் வந்தாலும் இறக்குவேன். என் உச்சந்தலை தேய்ந்துவிட்டது. பிடரி தேய்ந்துவிட்டது. தோள் இரண்டும் கிணற்றுப் படிக்கல் மாதிரி வழுக்குகின்றன. தேயாத இடம் மடி ஒன்றுதான். உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லையே நம்முடையது. பிறந்தபோது இருந்த மாதிரியே புதுசாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். வேறு இடத்தில் வைத்தால் காது இடம் கொடுக்காது. விருமாயி வீட்டுக்காரர் எஸ்டோனியாக்காரர், ரைமோ என்று பெயர். நல்ல மனுஷன், ஆனால் முறை தெரியாது. தன் மடியிலேயே பிள்ளையை வைத்துப் பார்த்திருக்கிறார். ஊசி வளைந்துவிட்டது. சோபாவில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஊசி சோபாவுக்குள் போய்விட்டது. இன்னும் கிடைக்கவில்லை.

அதெல்லாம் பெரிதில்லை. பெரிது பரமன்தான். அவன் என் சித்தப்பா மகன். ஒன்றுவிட்டவன் என்றாலும் அவனும் பிள்ளைக்கு மாமன் முறை. எனக்கு முன்னாடியே விமானம் ஏறித் தாலினில் போய் இறங்கிவிட்டான். விருமாயி போன் போட்டாள்.

“பரமண்ணன் வந்து நடுவீட்டுல உக்காந்துருச்சுண்ணே. எந்திரிக்க மாட்டேங்குது. இன்னைக்குச் சூரியன் எறங்குறதுக்குள்ள நீ வரலேன்னா, பிள்ளையத் தூக்கி அது மடியில வச்சுருவாக. பெறகு என்னைக் கேக்காத.”

வந்துவிடுவேன் என்று சொன்னேன். மிதித்தேன்.

என் வீட்டுக்காரி தவமணியும் கூட வந்தாள். அவளுக்குத் தனி சைக்கிள். எங்கள் ஊரில் அறிவொளி வகுப்பு நடந்தபோது ஒரே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எனக்கு எழுத்து வந்தது, அவளுக்கு சைக்கிள் வந்தது. இரண்டு பேருக்கும் அப்போதே முடி நரைத்திருந்தது. அவள் கேரியரில் சீர்த்தட்டு எல்லாம் கட்டியிருந்தது. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப்பாவாடை, ஒரு ஜோடித் தோடு. என் வண்டியில் மடி மட்டும்.

அதனால் என் வண்டி சாய்ந்தது. பாரம் ஏற்றியே பழகின வண்டி அது. வெறுமனே ஓட்டினால் அதற்கு வழி தெரியாது. வலது பக்கம் போய் ஒரு கம்பு வயலுக்குள் படுத்துக்கொண்டது. எழுப்பினேன். இடது பக்கம் போய்ப் படுத்தது. கம்பு மாதிரி இருந்ததே தவிர அது கம்பு இல்லை, வேறு தானியம். அதன் நடுவே ஒரு சம்சாரி, அந்த வயல்காரர், நின்றுகொண்டிருந்தார். விதாஸ் என்று பெயர் சொன்னார். லித்துவேனியாவில் எல்லாரும் உசிலம்பட்டிப் பேச்சுத்தான் பேசுகிறார்கள். கடைசியில் கொஞ்சம் இழுப்பார்கள், அவ்வளவுதான்.

“வெறும் வண்டி ஓட்டக் கூடாதுண்ணே,” என்றார் விதாஸ். “எங்க ஊர்க் காத்து ஒரு மாதிரி.”

அவரே ஒரு மூடை உருளைக்கிழங்கை ஏற்றிவிட்டார். அடுத்த ஊரில் தன் தம்பி இருக்கிறான், அவனிடம் இறக்கிவிடுங்கள் என்றார். வண்டி உடனே நிமிர்ந்து நேராகப் போனது.

தம்பி கிழங்கை இறக்கிக்கொண்டு பீட்ரூட் ஏற்றினார். அது அவருடைய மச்சானுக்கு. மச்சான் பீட்ரூட்டை இறக்கிக்கொண்டு ஒரு தேவாலயத்து மணியை ஏற்றினார். ஆள் உயர மணி. அது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. போகிற வழியில் அதுவே சொல்லும் என்றார்.

ஊர்ப் பெயர்ப் பலகைகளை நான் வாசித்துக்கொண்டே போனேன். அந்த ஊர் எழுத்துகளுக்குக் கீழே சின்ன வால் இருக்கிறது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிக்கும்போது ஊர் முடிந்துவிடும். எனக்கு அது பழக்கம்தான். பாதி ஆயுசுக்கு மேல் எல்லாப் பலகையும் எனக்கு அப்படித்தான் இருந்தது. தெரியாத எழுத்துக்கு நடுவே போவது சொந்தத் தெருவில் போவது மாதிரி இருந்தது. மின்கம்பத்துக்கு ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது. ஒன்றுகூட உட்காரவில்லை. அதுகளுக்கும் மடி புதுசாகத்தான் இருக்கும்.

மணி குலுங்கிக் குலுங்கி அடித்துக்கொண்டே வந்தது. அது அடித்த இடமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனது. சனங்கள் வேலையைப் போட்டுவிட்டு நல்ல துணி உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பால் கறந்துகொண்டிருந்த ஒரு பெண், பாதி கறந்த மாட்டை அப்படியே விட்டுவிட்டுத் தலை சீவினாள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்த ஆள் நான்தான் என்று நினைத்திருப்பார். நினைத்தால் தப்பில்லை. எனக்கே அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ மூடை இறக்கியிருக்கிறேன், ஒருத்தர் வீட்டிலும் லீவு இறக்கினதில்லை.

தவமணி பிரேக் பிடித்து நின்றாள்.

“ஏங்க. காதுகுத்து வியாழக்கிழமதான?”

“ஆமா.”

“இப்ப என்ன கெழம?”

நான் வயலைப் பார்த்தேன். ஆளே இல்லை. தூரத்தில் பாட்டுக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைதான், சந்தேகமில்லை.

இப்படியே போனால் தாலின் வரைக்கும் ஞாயிறு ஆகிவிடும், வியாழக்கிழமைச் சூரியன் இறங்கிப் போய் நாள் கணக்காகியிருக்கும், பரமன் மடி நிரம்பியிருக்கும் என்று தவமணி சொன்னாள். தன்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு ஆளுக்காவது கிழமை தெரியக்கூடாதா என்றும் சொன்னாள். மணியை இறக்க இடம் தேடினோம். ஒரு மேட்டில் கோபுரம் மட்டும் இருந்தது, வாயைத் திறந்துகொண்டு. மணி அதைப் பார்த்ததும் தானே அடித்தது. கொண்டுபோய் மாட்டினேன். அந்த மேட்டில் ஞாயிற்றுக்கிழமை தங்கிக்கொண்டது. கீழே இறங்கினால் வியாழக்கிழமை, அதே வெயில். நல்லவேளை.

லாட்வியா எல்லையில் வயல் நடுவே ஒரு மேசை போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா. பெயர் ஐவா என்று சட்டையில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டேன். சின்னப் பெயர்.

“என்ன கொண்டுபோறீக?”

“மடி.”

“எடுத்து வைங்க, பாப்போம்.”

நான் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். ஐவா அம்மா எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பார்த்தார். பெல்லை அடித்துப் பார்த்தார்.

“மடியக் காணமே.”

“நின்னா இருக்காதும்மா. உக்காந்தா இருக்கும்.”

தன் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். மடி வந்தது. அவருக்கு மகிழ்ச்சி. மேலே கைக்குட்டையை விரித்து, அதன் மேல் தன் தொப்பியை வைத்துப் பார்த்தார். நல்ல மடி, தேய்மானம் இல்லை என்றார். ஆனால் இதைக் கடக்க விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார். இந்தப் பக்கம் இருந்த சாமான் அந்தப் பக்கம் போகிற வரைக்கும் இருந்துகொண்டே இருக்க வேண்டுமாம். நடுவில் இல்லாமல் போனால் அது வேறு சாமான்.

“அப்ப நான் எந்திரிக்கக் கூடாதா?”

“கூடாது.”

“எப்பிடிம்மா தாண்டுறது?”

அவர் கையைத் தட்டினார். வயலுக்குள்ளிருந்து நாலு ஆட்கள் வந்தார்கள். நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். என்னைத் தொட்டு யாரும் தூக்கினதில்லை, பிறந்தபோது தூக்கியிருந்தால் உண்டு. எனக்கு வெட்கமாகிவிட்டது. தோளில் வைத்ததும் வானம் பக்கத்தில் வந்தது. ஒரு மேகம், அதற்குப் பின்னால் இன்னொரு மேகம். தேங்காய் மூடைக்கு இத்தனை நாளும் இதுதான் தெரிந்திருக்கிறது. ஒரு மூடைகூட என்னிடம் சொன்னதில்லை.

கீழே தவமணி இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மாப்பிள்ளை ஊர்வலம் போறாரு, எல்லாரும் ஒதுங்கிக்கங்க,” என்றாள். ஒதுங்குவதற்கு ஆள் யாரும் இல்லை. கம்பு மாதிரி இருந்த தானியம் ஒதுங்கியது.

லாட்வியாவில் அன்றைக்குத் திருநாள். வருஷத்தில் நீளமான பகல் அது. அன்றைக்கு அங்கே ஆம்பளைகள் எல்லாருக்கும் ஒரே பெயர், யானிஸ். மற்ற நாளில் வேறு பெயர் இருக்குமாம், அன்றைக்குக் கழற்றி வைத்துவிடுவார்கள். தலையில் கருவாலி மரத்து இலை வளையம் போட்டிருந்தார்கள். வந்தவரையும் விடுவதில்லை. என் தலையிலும் ஒரு வளையத்தை வைத்தார்கள். நானும் யானிஸ் ஆனேன். சீரகம் போட்ட பாலாடைக்கட்டியை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, ஒரு பெரிய புல்வெளியில் உட்காரச் சொன்னார்கள். சாப்பிடாமல் போனால் சாலை விடாது என்றார்கள். உட்கார்ந்தேன்.

தவமணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது என்னைக் காணவில்லை.

நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் புல்வெளி முழுக்க ஆம்பளைகள், எல்லார் தலையிலும் ஒரே வளையம், எல்லார் கையிலும் ஒரே கட்டி. வளையம் வைத்தால் முகமும் ஒன்றாகிவிடுகிறது. மஞ்சள் மீசை, சிவந்த மூக்கு. நான் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது போல் பட்டது. கண்ணுக்கெட்டின தூரம் மடிகள். எது என் மடி என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சூரியன் மரத்துக்கு மேலே கொஞ்சம் சாய்ந்தது.

தவமணி “ஏங்க” என்று கூப்பிட்டாள். மொத்தப் புல்வெளியும் “என்ன” என்றது. நானும் என்றேன். அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே என்று ஒரு யானிஸ் சொன்னார். அவருக்கு என்ன தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைக் கிள்ளிச் சொல்ல வைப்பாள். அந்தப் பெயரில் இருக்கிற சாமியைக்கூட ஜாடையாகத்தான் கும்பிடுவாள். அங்கே வேறு ஒரு தொல்லையும் சேர்ந்தது. நான் யானிஸ் ஆகிவிட்டதால் அந்தப் பெயரையும் அவள் சொல்லக் கூடாது. அந்த நாட்டில் ஒரு ஆளையும் கூப்பிட அவளுக்கு வழியில்லை.

அவள் புல்வெளியைச் சுற்றி நடந்தாள். மடி மடியாகக் குனிந்து பார்த்தாள். ஒரு பாட்டம் சுற்றி வந்து ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். முகம் செக்கச்செவேலென்று ஆனது.

“வீரணா,” என்று கத்தினாள். “எந்திரி.”

லாட்வியா அமைதியானது. ஒரு வாத்துகூடச் சத்தம் போடவில்லை.

எனக்கு அந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. முதலாளி வாயில் கேட்டிருக்கிறேன், லாரி டிரைவர் வாயில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னது வேறு பெயர் போலிருக்கிறது. இது புதுசு. எழுந்து நின்றேன். புல்வெளியில் இருந்த அத்தனை மடியில் ஒன்று மட்டும் இல்லாமல் போனது. அதை வைத்து அவள் என்னைக் கண்டுபிடித்தாள்.

பீப்பாயைவிட்டு இறக்கிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு ஓரமாகப் போனோம். கல்யாணத்துக்கு மறுநாள் குலசாமி கோயிலுக்கு அப்படித்தான் போயிருந்தோம். ரிகா நகரம் வந்தது, ஆற்றுப் பாலம் வந்தது, கடற்கரை வந்தது. நாங்கள் பேசவில்லை. அவள் மட்டும் அவ்வப்போது தனியாகச் சிரித்தாள்.

பேசாமல் போனது நல்லதாகப் போயிற்று. எஸ்டோனியாவில் பேசப் பேசச் சாலை நீளும். ஒரு சொல்லுக்கு ஒரு பர்லாங்கு. அந்த ஊர் சனங்கள் அதனால்தான் வாயைத் திறப்பதில்லை. கடைக்குப் போனால் ரொட்டியைக் காட்டுவார்கள், ரொட்டி வரும். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, சொன்னால் நீளுமே. பைன் மரங்கள் வேகமாகப் பின்னால் போவதைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். வெட்கத்திலேயே பாதி எஸ்டோனியாவைக் கடந்துவிட்டோம்.

அப்போது போன் அடித்தது. விருமாயி.

“அண்ணே, பரமண்ணனுக்குக் கைப்பிடி மொளைச்சிருச்சு.”

“என்ன கைப்பிடி?”

“நாற்காலிக் கைப்பிடிண்ணே. ரெண்டு பக்கமும். உக்காந்தே இருந்துச்சுல்ல. முதுகும் பலகை ஆயிருச்சு. காது குத்த வந்த பத்தர் அது மேல துண்டக் காயப்போட்டுட்டாரு. மூஞ்சி மட்டும் இருக்கு.”

எங்களுக்கு முன்னால் சாலை சரசரவென்று நீண்டது. புதுசாக ஒரு காடு முளைத்தது, அதில் ஒரு ஏரி, ஏரியில் ஒரு படகு. தவமணி கையை ஆட்டினாள். பேசாதே என்று அர்த்தம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாற்காலி ஆகிவிட்டால் அவன் மாமன் கணக்கில் வரமாட்டானே என்றேன். நாற்காலி ஆனாலும் மாமன் மாமன்தான், இப்போது உட்கார முன்னைவிட வசதி என்று உள்ளே பேசிக்கொள்கிறார்கள் என்றாள் விருமாயி. பத்தர் சூடம் ஏற்றி ஊசியை அதில் காட்டிவிட்டார். சூரியன் சன்னலுக்கு இறங்கிவிட்டது.

போனை அணைத்தேன். பேசினதற்கெல்லாம் சேர்த்து மிதித்தோம். ஏரியை இரண்டு தடவை சுற்ற வேண்டியிருந்தது. என் கால் வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். எந்த வேலைக்குப் பிறகும் எனக்கு வலிக்காமல் இருந்ததில்லை.

தாலின் எல்லையில் ஒரு பெயர்ப்பலகை. அங்கே நின்றேன்.

அங்கிருந்து பார்த்தால் விருமாயி வீடு தெரிந்தது. நீலக் கதவு. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே எல்லாரும் வாசலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது. இரண்டு மிதி மிதித்தால் உள்ளே போய்விடலாம்.

போக முடியாது. தாய்மாமன் தானாக உள்ளே போகிறவன் இல்லை. ஊர் எல்லையில் நிற்பான். காதுகுத்து வீட்டார் கொட்டு மேளத்தோடு எதிரே வந்து, ஆரத்தி சுற்றி, வாங்க என்று அழைத்துப்போக வேண்டும். அழைக்காமல் நுழைந்த மாமன் மடியும் ஒன்றுதான், சோபாவும் ஒன்றுதான். பலகை அடியில் சீர்த்தட்டை இறக்கிப் பரப்பினோம். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை.

விருமாயி போன் போட்டாள். ஏன் அங்கேயே நிற்கிறாய், கதவு திறந்துதானே கிடக்கிறது என்றாள். எதிரே வந்து அழைக்கச் சொல் என்றேன். அழைக்கலாம் என்றுதான் அவளும் சொல்லியிருக்கிறாள். ரைமோ மாப்பிள்ளை கலங்கிப்போய்விட்டாராம். அவர்கள் ஊரில் விருந்தாளி வருகிற வழியில் எதிரே போய் நின்றால், உனக்கு என் வீட்டுக்கு வழி தெரியாது என்று குத்திக்காட்டுகிற மாதிரியாம். அதுவும் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்த மனுஷனை. என் மச்சானை நான் அவமதிக்க மாட்டேன், அவர் வருகிற வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன் என்று கண்ணில் நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். அவர் மரியாதை அவருக்கு. என் மரியாதை எனக்கு.

இதையெல்லாம் பேசப் பேச வீடு பின்னால் போனது. நான் “மேளம்” என்றேன், வீடு ஒரு தெரு தள்ளிப் போனது. அவள் “கதவு” என்றாள், இன்னொரு தெரு. கடைசித் தெருவும் தீர்ந்தது. வீட்டுக்குப் பின்னால் இப்போது கடல்தான். இனி ஒரு சொல் பேசினால் வீடு தண்ணீருக்குள் போகும். விருமாயி அதைப் பார்த்துவிட்டாள். போனை வைத்துவிட்டாள்.

நான் பலகைக்கு அடியில் தரையில் உட்கார்ந்தேன். மடி வந்தது. காலியாக இருந்தது. இத்தனை நாடு தாண்டி, மணி கிணி எல்லாம் சுமந்து, கொண்டுவந்த சாமான். தவமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சூரியன் கடலில் மெல்லக் காலை விட்டுப் பார்த்தது.

குளிர்ந்திருக்கும் போல. எடுத்துக்கொண்டது.

மறுபடி விட்டது. மறுபடி எடுத்துக்கொண்டது. அந்தக் கடலுக்குள் இறங்க அதற்கு மனசில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீலக் கதவிலிருந்து ஒரு சின்ன சைக்கிள் வந்தது. மூன்று சக்கரம். ஓட்டிக்கொண்டு வந்தவள் மாரிட். அவளுக்குத்தான் காதுகுத்து. எஸ்டோனியாக்காரப் பிள்ளை, பிறந்ததிலிருந்து மொத்தமாகக் கொஞ்சம் சொல்தான் செலவழித்திருக்கிறாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள். சீர்த்தட்டைப் பார்த்தாள். பெரியாள் மாதிரி இரண்டு கையையும் கூப்பினாள்.

“வாங்க மாமா,” என்றாள்.

வீடு கடலுக்குள் இறங்கியது. வாசற்படி நனைந்தது. உள்ளே இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

இரண்டு சொல். அழைத்தாகிவிட்டது. இனி ஒரு குறையும் இல்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எழுந்தால் மடி போய்விடும், பிள்ளை விழுந்துவிடும். அப்படியே இருந்தேன். அவ்வளவு லேசான சாமானை நான் சுமந்ததே இல்லை.

நான் உள்ளே போகாவிட்டால் என்ன, எல்லாரும் வந்தார்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. விருமாயி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆரத்தித் தட்டோடு அலையில் ஓடி வந்தாள். வாயைக் குவித்துக் குலவை போட்டாள். குலவை சொல் இல்லை, ஆகையால் ஒன்றும் நீளவில்லை. தவமணியும் சேர்ந்து போட்டாள். தாலினில் இருந்த கிழவிகள் சன்னலைத் திறந்து, கேட்டுப் பார்த்து, தாங்களும் போட்டார்கள். பேசாமல் சேர்த்து வைத்திருந்த ஆயுசுச் சத்தம் எல்லாம் அதில் வந்தது. மேளம் தேவைப்படவில்லை.

பத்தர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு வந்தார். கடைசியாக ரைமோ மாப்பிள்ளை வந்தார், தலையில் பரமனைத் தூக்கிக்கொண்டு. பரமன் நல்ல நாற்காலியாக ஆகியிருந்தான். தேக்கு. முகம் மட்டும் சாய்மானத்துக்கு மேலே இருந்தது. அழுது வீங்கியிருந்தது.

பத்தர் குனிந்து பார்த்தார். தரையில் இருந்தால் அவருக்கு இடுப்பு வளையாது. உயரத்தில் வேண்டும் என்று கையால் காட்டினார். எல்லாரும் பரமனைப் பார்த்தார்கள். பரமன் என்னைப் பார்த்தான். நான் பிள்ளையைப் பார்த்தேன்.

ரைமோவும் தவமணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மடி கலையாமல் என்னைத் தூக்கி அவன் மேல் வைத்தார்கள். பரமன் மடியில் நான். என் மடியில் மாரிட். கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றது.

பத்தர் காதைப் பிடித்தார். ஊசி வளையவில்லை. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மாரிட் அழவில்லை. நான் அழவில்லை. பரமன் அழுதான். எனக்குக் கீழே கால் நாலும் நடுங்கின.

எனக்குப் பாவமாகிவிட்டது. இத்தனை வருஷம் தூக்கினவன் நான். மேலே இருப்பது எவ்வளவு என்று கீழே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

“கனக்குதாடா?” என்று கேட்டேன். வீடு இன்னும் ஒரு எட்டு கடலுக்குள் போனது. போகட்டும்.

“நீ கனக்கலண்ணே,” என்றான். “பிள்ளதான் கனக்குது.”

சந்தோஷமாகத்தான் சொன்னான். சூரியன் கடல் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது. மாரிட் தலையைத் திருப்பி மறு காதைக் காட்டினாள்.